தீயைப் பார்க்காதே

"காட்டுக்குத் தீ வைக்கப் போறியா? நீயா?"

அப்பா காபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். 2023 பிப்ரவரி. அவர் ஜார்ஜியாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மா போன பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று நானும் மனைவியும் வற்புறுத்தி வரவழைத்திருந்தோம். காற்று ஒத்துவந்தால் நாளைக் காலையில் நிலத்துக்குத் தீ வைக்கிறோம் என்று, தோட்டத்துக்குத் தண்ணீர் விடப்போகிறேன் என்பதைப் போலச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

அப்பா வனத்துறையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு சரகத்தில் வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வுபெற்றார். என் சிறுவயதில் மாசி பிறந்தால் அவரை வீட்டில் பார்ப்பது அரிது. கோடைமழை இறங்கும்வரை தீக்காலம். பாதி இரவில் வருவார். சட்டையை வெளியே கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அப்படியும் வீடு முழுக்க புகை மணக்கும். எந்தக் கருவியும் இல்லாத காலம். பச்சைத் தழையை ஒடித்து அடித்து அடித்துத்தான் தீயை அணைப்பார்கள். அவருடைய இடது முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு முடி முளைக்காத வழவழப்பான தோல் உண்டு. சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்தபோது, ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருந்த அந்த மனிதர் டிவி முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொன்னாள்.

அப்படிப்பட்டவரின் மகன், கடல் தாண்டி வந்து நிலம் வாங்கி, அதற்குத் தீ வைக்க ஆள் கூட்டிக்கொண்டிருக்கிறான்.

"எதுக்கு?" என்றார்.

"காடைக்காக" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

*

நான் டாலஹாசியில் ஒரு அரசு அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் மென்பொருள் எழுதுகிறேன். ஃப்ளோரிடாவின் தலைநகரம் அது. வடக்கே முக்கால் மணிநேரம் கார் ஓட்டினால் ஜார்ஜியாவின் தாமஸ்வில் வந்துவிடும். இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள செம்மண் மேட்டுப்பகுதியை ரெட் ஹில்ஸ் என்கிறார்கள். 2019-ல் அங்கே முப்பத்தோரு ஏக்கர் வாங்கினேன். ஊரில் காடு கழனி எதுவும் இல்லாத அரசு ஊழியர் குடும்பம் எங்களுடையது. மண் வாங்கவேண்டும் என்ற ஆசை எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. விலை கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது, வாங்கிவிட்டேன்.

விற்றவர் "பைன் காடு" என்றுதான் சொன்னார். போய்ப் பார்த்தபோதும் எனக்கு அது காடாகத்தான் தெரிந்தது. பழைய பருத்தி, நிலக்கடலை நிலம். அமெரிக்க அரசு 1985-ல் விவசாய நிலங்களைச் சாகுபடியிலிருந்து எடுப்பதற்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நிலத்தைத் தரிசாக விட்டுப் புல்லோ மரமோ வைத்தால் வருடா வருடம் பணம். தென்மாநிலங்களில் நிறையப் பேர் லாப்லாலி பைன் கன்றுகளை வாங்கி வரிசையாக நட்டார்கள். சீக்கிரம் வளரும், காகித ஆலைக்குப் போகும். என் நிலத்தில் இருந்ததும் அப்படி நட்டு, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத மரங்கள். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இடுக்கிலெல்லாம் ஸ்வீட்கம் மரமும் வாட்டர் ஓக்கும் முளைத்து மேலே ஏறியிருந்தன. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. தரையில் அரை அடிக்குப் பைன் ஊசிச் சருகு. ஒரு புல் கிடையாது. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் காட்டில் சத்தமே இல்லை.

அதை முதலில் சொன்னவர் பக்கத்து நிலத்துக்காரர். எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர். வேலியோரம் டிராக்டரை நிறுத்திவிட்டு, "நான் பையனாக இருந்தபோது இங்கே காலையில் காடைகள் கூப்பிடும். பள்ளிக்கூடம் போகும்போது விசிலடித்தால் பதில் வரும்" என்றார். எப்போது நின்றது என்று கேட்டேன். அவர் யோசித்தார். "நின்றது யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் இல்லை என்பது தெரிந்தது, அவ்வளவுதான்."

அவர் சொன்னது பாப்வைட் காடை. நம்மூர்க் காடையும் அதுவும் ஒரே குடும்பம் இல்லை, ஆனாலும் காடை என்று சொன்னால்தான் உருவம் மனதில் வரும். உள்ளங்கையில் அடங்கும். நூற்றெழுபது கிராம் இருந்தால் அதிகம். ஆண் பறவை வசந்தத்தில் 'பாப்... வைட்' என்று இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். அதுவே பெயராகிவிட்டது. குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து ஒரு கூட்டமாகத் திரியும். இரவில் வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். வால்கள் நடுவில், தலைகள் வெளியே பார்த்தபடி. குளிருக்கு உடம்போடு உடம்பு ஒட்டிக்கொள்ள வேண்டும், எந்தப் பக்கம் ஆபத்து வந்தாலும் அந்தப் பக்கம் ஒரு கண் இருக்க வேண்டும். இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு வருடத்தில் ஐந்தில் நான்கு செத்துப்போகும். பருந்து, பாம்பு, நரி, ரக்கூன் எல்லோருக்கும் அது தீனி. தரையில் கூடு கட்டிப் பன்னிரண்டு பதினான்கு முட்டை வைப்பதால்தான் அந்த இனம் தாக்குப்பிடிக்கிறது. 1960களிலிருந்து கணக்குப் பார்த்தால் நாடு முழுக்க இவற்றின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது.

வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் வேறு கதை வந்தது.

*

வர்ஜீனியாவிலிருந்து கிழக்கு டெக்சஸ் வரை ஒருகாலத்தில் ஒன்பது கோடி ஏக்கருக்கு ஒரே காடு இருந்தது. லாங்லீஃப் பைன் காடு. ஊசி ஒன்று ஒன்றரை அடி வரைக்கும் நீளும். மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். குதிரை வண்டியை எங்கேயும் திருப்பிக்கொண்டு போகலாம் என்பார்கள். மரங்களுக்குக் கீழே வெயில் இறங்கும் புல்வெளி. வயர்கிராஸ் என்னும் புல்லும் நூற்றுக்கணக்கான பூச்செடிகளும். பாதி காடு, பாதி மேய்ச்சல் நிலம் என்று சொன்னால் நம் ஆட்களுக்குப் புரியும். இதை இப்படி வைத்திருந்தது தீ. கோடையில் இடி விழுந்து பற்றும். அதற்குமேல் இங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் வேட்டைக்கும் விதைப்புக்கும் தாங்களே வைத்தார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தரையோடு தவழ்ந்துபோகும் சிறு தீ.

அந்த மரம் தீக்கென்றே பிறந்தது. முளைத்த கன்று முதல் சில வருடங்கள் உயரவே உயராது. தரையில் ஒரு புல் கொத்து மாதிரி உட்கார்ந்திருக்கும். உண்மையிலேயே புல் என்று நினைத்து நான் மிதித்திருக்கிறேன். அந்த நாட்களில் அது ஆணிவேரைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். தீ வந்தால் வெளி ஊசிகள் கருகும், நடுவில் பொத்திவைத்த குருத்து பிழைத்துக்கொள்ளும். வேரில் போதுமான சேமிப்பு வந்த பிறகு ஒரே மூச்சில் ஆள் உயரத்துக்கு எழும்பிவிடும். அடுத்த தீ வரும்போது தலை எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும் இல்லையா?

காடைக்கு வேண்டியதும் இந்தத் தீ கொடுப்பதுதான். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கட்டைவிரல் பருமன். பிறந்த நாளிலேயே நடந்துபோய்ப் பூச்சி பிடிக்க வேண்டும். புல் குத்துக்குத்தாக இருந்து நடுவில் வெறும் மண் இருந்தால் நடக்கும். தலைக்குமேல் செடி இருந்தால் பருந்துக்குத் தெரியாது. எரிந்து ஒரு வருடமான நிலம் குஞ்சுக்குச் சரியாக இருக்கும். எரிந்து இரண்டு வருடமான நிலம் கூடு கட்டுவதற்குச் சரியாக இருக்கும். நாலைந்து வருடம் தீ போகாவிட்டால் சருகு மூடி, முட்புதர் ஏறி, ஓக்கும் ஸ்வீட்கமும் எழும்பி வெயிலை மறைத்துவிடும். காடைக்குக் கதவு அடைத்தாயிற்று.

வெள்ளைக்காரர்கள் வந்து பைன் பாலெடுத்து டர்பன்டைன் காய்ச்சினார்கள். ரயில் வந்ததும் மரத்தையே வெட்டினார்கள். 1990களில் ஒன்பது கோடியில் மிஞ்சியது முப்பது லட்சம் ஏக்கர் அளவுதான். வெட்டியது பாதிக் கதை. வெட்டாமல் விட்ட இடத்தையும் தீயை நிறுத்திக் கொன்றார்கள். 1920களின் இறுதியில் லாரியில் சினிமாக் கருவியை ஏற்றிக்கொண்டு ஜார்ஜியா, ஃப்ளோரிடா கிராமங்களில் ஊர் ஊராகப் போய், காட்டுக்குத் தீ வைப்பது பாவம் என்று பிரசாரம் செய்தார்கள். 'டிக்ஸி குருசேடர்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர். 1944-ல் தொப்பி போட்ட கரடிப் பொம்மை, ஸ்மோக்கி பேர் வந்தது. காட்டுத்தீயைத் தடுப்பது உன் கையில் என்று அது இன்றும் குழந்தைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதற்கு நடுவே ரெட் ஹில்ஸில் ஒரு விசித்திரம் நடந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு வடக்கத்திப் பணக்காரர்கள் இங்கே பருத்தித் தோட்டங்களை வாங்கிப்போட்டுக் குளிர்காலத்தில் காடை வேட்டைக்கு வந்தார்கள். நிலத்தில் குடியிருந்து வாரத்துக்குப் பயிர் செய்த கறுப்பின மக்கள் பழைய வழக்கப்படி வருடா வருடம் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். தீ வைக்கக் கூடாது என்ற பேச்சு இந்தத் தோட்டங்களுக்குள்ளும் நுழைந்ததும் காடை குறைந்தது. காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி 1924-ல் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவரை அழைத்துவந்தார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். சிறுவயதில் ஃப்ளோரிடாவில் மாடு மேய்ப்பவர்கள் காட்டுக்குத் தீ வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர். சில வருடம் கூடுகளின் பின்னால் அலைந்துவிட்டு, தீயை நிறுத்தியதால்தான் காடை போகிறது என்று எழுதினார். 1931-ல் புத்தகம் வந்தது. தீயைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் மேலே இருந்தவர்களுக்காகப் பலமுறை தணித்து எழுத வேண்டியிருந்தது. அவரும் நண்பர்களும் சேர்ந்து 1958-ல் டால் டிம்பர்ஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். என் அலுவலகத்திலிருந்து அரைமணி நேரம். அங்கே 1960களிலிருந்து வேண்டுமென்றே தீ வைக்காமல் விட்ட ஒரு சிறு துண்டு நிலம் இருக்கிறது. ஒரு பக்கம் வெயிலும் புல்லும் பைனும். நடுவில் ஒரு பாதை. மறுபக்கம் இருட்டு. அந்த இருட்டைப் பார்த்த அன்றுதான் என் நிலத்தில் என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

*

முதலில் வெட்ட வேண்டியிருந்தது. மரம் வளர்க்க ஆசைப்பட்டவன் மரம் வெட்ட ஆள் தேடினேன். 2021-ல் இயந்திரங்கள் வந்தன. வரிசைக்கு வரிசை விட்டு, நல்ல மரங்களை நிறுத்திவிட்டு மற்றதை எடுத்தார்கள். மோசமான ஆறு ஏக்கரை மொத்தமாகச் சுத்தம் செய்தோம். மரத்தை விற்ற பணம் என் எதிர்பார்ப்பில் பாதிகூட வரவில்லை. கூழ்மரத்துக்கு அவ்வளவுதான் விலை. போர் நடந்த இடம் மாதிரி நிலம் கிடந்தது. மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றுமே பேசாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த டிசம்பரில் ஆறு ஏக்கரிலும் லாங்லீஃப் கன்றுகள் நட்டோம். ஏக்கருக்கு ஐந்நூறு. நட்டு முடித்தபிறகு பார்த்தால் எதுவும் நட்ட மாதிரியே தெரியவில்லை. புல்தான் தெரிந்தது.

இனி தீ. அதைத் தனியாகச் செய்ய முடியாது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அறுபதுகளில் இருக்கும் கறுப்பினத்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் ஒரு காடைத் தோட்டத்தில் குடிவாரக்காரர்கள். "எங்கள் தாத்தா தீ வைத்தபோது படிக்காதவன் செய்கிற வேலை என்றார்கள். இப்போது அதே வேலைக்கு எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்" என்று முதல்நாள் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளில் ஒரு தட்டு. தீ வைக்கும் அன்று அவர்தான் தலைவர். பர்ன் பாஸ் என்பார்கள். அவர் முதலில் நிலத்தைச் சுற்றி நடந்தார். பிறகு சொன்னார்: "முப்பது ஏக்கரில் காடை நிலைக்காது. ஒரு கூட்டம் வந்து போகலாம், அவ்வளவுதான். பக்கத்து நிலமும் அதற்கடுத்த நிலமும் சேர்ந்தால்தான் அது ஊர். நீ உன் வீட்டைப் பெருக்கி வை."

*

"நானும் வரேன்" என்றார் அப்பா, அன்று இரவு சாப்பிட்டு முடித்தபிறகு.

எழுபத்தைந்து வயது. வேண்டாம் என்றேன். பர்ன் பாஸுக்குப் போன் செய்து கேட்டேன். சாலையில் லாரிப் பக்கம் நிற்கட்டும், கோட்டுக்குள் வரக்கூடாது என்றார்.

குளிர் அலை ஒன்று கடந்துபோன இரண்டாம் நாள். வானம் கழுவின மாதிரி இருந்தது. வடமேற்குக் காற்று, நாற்பது சதவீத ஈரப்பதம். அன்றைய அனுமதியை அன்று காலையில்தான் கொடுப்பார்கள். காற்றின் வேகம், புகை மேலே ஏறிக் கலைய வழி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான். அனுமதி வந்தது. நிலத்தைச் சுற்றி டிராக்டரால் உழுது மண் தெரிய ஒரு கோடு போட்டிருந்தோம். அப்பா அதைப் பார்த்ததும், "ஃபயர் லைன்" என்றார். முதல்முறையாக இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒன்று.

பர்ன் பாஸ் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரல் இடுக்கில் ஒழுகவிட்டுக் காற்றைப் பார்த்தார். பத்தடி தள்ளி அப்பாவும் அதையே செய்துகொண்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா கையைத் தட்டிக்கொண்டு, "இவருக்கு வேலை தெரியும்" என்றார் என்னிடம்.

வேலை தொடங்கும் முன் எங்கள் ஐந்து பேருக்கும் பர்ன் பாஸ் ஒன்றே ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். கோட்டில் நிற்பவன் தீயைப் பார்க்கக் கூடாது. முதுகைத் தீக்குக் காட்டி நின்று, எரியாத பக்கத்தைப் பார்க்க வேண்டும். பச்சையைப் பார்.

டிரிப் டார்ச் என்பது நீண்ட மூக்குள்ள தகர டப்பா. மூன்று பங்கு டீசல், ஒரு பங்கு பெட்ரோல். சாய்த்துப் பிடித்து நடந்தால் தீ சொட்டுச் சொட்டாக விழும். முதலில் காற்று போகும் பக்கத்து எல்லையில் பற்றவைத்தோம். அந்தத் தீ காற்றை எதிர்த்துத்தான் போக வேண்டும். முழங்கால் உயரம்கூட இல்லை. மெதுவாக, மாடு மேய்கிற மாதிரி சருகைத் தின்றுகொண்டு போனது. பின்னால் கரிப்பட்டை அகலமாக ஆக, மேலே மேலே அடுத்த கோடு. ஒரு மணி நேரத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. அதுதான் தப்பு. தீ அழகாக இருக்கிறது. சருகு பற்றும்போது ஒரு மாதிரி பெருமூச்சு விடுகிறது. கன்றுகள் நட்ட ஆறு ஏக்கருக்குள் அது நுழைந்தபோது என் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு கன்றும் விருட்டென்று எரிந்து அணைந்தது. செத்ததா பிழைத்ததா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"டேய்! முதுகுப் பக்கம் பாருடா! முதுகுப் பக்கம்!"

அப்பாவின் குரல். திரும்பினால், கோட்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்து நிலத்துக்காரரின் காய்ந்த புல்லில் புகை. கோட்டருகே ஒரு பட்டமரம் நின்றது. உள்ளே உளுத்தது. அதை முன்னதாகவே தள்ளிவிடும்படி பர்ன் பாஸ் எனக்குச் சொல்லியிருந்தார். நான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அதன் தலையிலிருந்து பொறி பறந்திருக்கிறது. வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டே ஓடினேன். எனக்கு முன்னால் அப்பா அங்கே இருந்தார். சாலையிலிருந்து எப்படி வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வேலியோர ஓக் மரக்கிளை ஒன்றை இலையோடு ஒடித்திருந்தார். ஓங்கி அடிக்கவில்லை. தீயின் ஓரத்தை எரிந்த பக்கமாகத் தள்ளித் தள்ளி அமுக்கினார். நான் முதுகில் இருந்த தண்ணீர்ப் பையோடு போய்ச் சேர்ந்தபோது பாதி அணைந்திருந்தது. நான்கு தாம்பாளம் அளவுக்கு எரிந்திருக்கும். இன்னும் மூன்று நிமிடம் போயிருந்தால் அவருடைய வைக்கோல் கொட்டகை.

பர்ன் பாஸ் வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. அப்பாவின் கையிலிருந்த கிளையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அதன்பிறகு அப்பா லாரிப் பக்கம் போகவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை.

*

சாயங்காலம் புகைந்துகொண்டிருந்த கட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்தோம். முகமெல்லாம் கரி. நிலம் கறுத்து, மரங்கள் நின்றபடி நின்றன. உள்ளே அந்தக் கோடி வரைக்கும் கண் போனது. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கோடியை நான் பார்த்ததில்லை.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"எம்பது எம்பத்தொண்ணு இருக்கும். மேல மலையில ஒரு பெரியவர். மலைக்குடி. தை மாசம், பனி ஈரம் காயல. சருகுக்குத் தீ வச்சிட்டுப் பக்கத்துலயே குந்தியிருந்தாரு. ஓடக்கூட இல்ல. நாந்தான் புடிச்சேன். ஏன்யா வச்சன்னு கேட்டா, இப்ப சின்னதா போனா சித்திரையில பெருசா வராது சாமின்னாரு. தாத்தன் காலத்துலருந்து இப்பிடித்தான்னாரு. நான் கேஸ் எழுதினேன்."

"என்னாச்சு?"

"என்னாகும். உள்ள வச்சாங்க. திரும்பி வந்தப்புறம் மலை ஏறல. கீழ ரோட்டோரம் குடிசை போட்டு இருந்தாரு. ஜீப்புல போகும்போது பாப்பேன். கும்புடு போடுவாரு." சற்று நிறுத்தினார். "அதுக்கு மறு சித்திரையில அந்தச் சரிவு மொத்தமும் போச்சு. மரம் உச்சிவரைக்கும் ஏறிப் போச்சு. இந்தக் கை அதுலதான்."

இத்தனை வருடம் தடவிப் பார்த்த தோல். எந்தத் தீ என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"உங்க வேலை அதுப்பா. சட்டம் அப்படி."

"சட்டம் அப்பிடித்தான்" என்றார். "அவரு சொன்னத ஒருவாட்டி மேல எழுதிப் போட்டிருக்கலாம். அதுக்கு எந்தச் சட்டமும் தடை இல்ல."

பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பிறகு அவரிடம் பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர்களைப் பற்றிச் சொன்னேன். ஆண்டின் தொடக்கத்தில் சருகுக்குத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். 'தரகு பெங்கி' என்பார்கள். 1970களில் அந்த மலை சரணாலயமானபிறகு தீ நின்றது. உண்ணிச்செடி காட்டை மூடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர்கள் சொல்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்பா கவனமாகக் கேட்டார். பிறகு வனவரின் குரலில், "அதுக்காக எல்லாக் காட்டுக்கும் வச்சிர முடியாது. சோலைக்குள்ள தீ போச்சுன்னா முடிஞ்சது. இப்ப உண்ணிச்செடி ஏறின காட்டுல வச்சா, அது வெடிதான். எங்க, எப்ப, எவ்வளவுன்னு தெரிஞ்சவன் வைக்கணும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். இங்கேயும் தீ வைத்துப் பழகிய கைகளை முதலில் விரட்டிவிட்டார்கள். மஸ்கோகி மக்களை 1830களில் மொத்தமாக மேற்கே துரத்தினார்கள். வாரக்குடிகளைப் படிக்காதவர்கள் என்றார்கள். பிறகு அதே அறிவைத் தேடி ஆராய்ச்சி நிலையம் கட்டினார்கள். இடையில் போன காட்டுக்குக் கணக்கு கிடையாது.

பக்கத்து நிலத்துக்காரர் மறுநாள் வந்தார். கருகிய நான்கு தாம்பாளத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். பட்டமரத்தை விட்டது என் தப்பு என்றும் சொன்னேன். அவர் என் நிலத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படித்தான் இருக்கும். அப்போது இப்படித்தான் இருக்கும்" என்றார். போகும்போது, "அடுத்தமுறை வைக்கும்போது சொல், டிராக்டரைக் கொண்டு வருகிறேன்" என்றார்.

*

பத்தாம் நாள் பச்சை வந்தது. கரிக்குள்ளிருந்து ஊசி ஊசியாகப் புல். அப்பா தினமும் காலையில் என்னை அங்கே இறக்கிவிடச் சொல்வார். அலுவலகம் முடிந்து மாலையில் கூட்டிவருவேன். கருகிய கன்றுகளை ஒவ்வொன்றாக விரலால் பிரித்துப் பார்ப்பார். நடுக்குருத்து வெள்ளையாகப் பட்டுப்போல நின்றது. "உசிரு இருக்கு" என்பார். நூறு பார்த்ததில் தொண்ணூற்றிரண்டு என்று சட்டைப்பையிலிருந்த தாளில் குறித்துவைத்தார். மார்ச் கடைசியில் மேட்டில் ஒரு வளை கண்டுபிடித்தார். அரைவட்ட வாய், முன்னால் புதுமண். கோஃபர் ஆமை. இந்த ஆமை பதினைந்தடிக்கு வளை தோண்டும். தீ வந்தால் பாம்பு, தவளை, எலி என்று யார் யாரோ அதற்குள் போய்த் தப்பிப்பார்கள். முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் அந்த வளைகளைப் பயன்படுத்துவதாகக் கணக்கு இருக்கிறது. புல் இல்லாத இருட்டில் ஆமைக்குச் சாப்பாடு கிடையாது. எங்கிருந்தோ நடந்து வந்திருக்கிறது. அப்பா அதன் வாசலில் குந்தி ஒருமணி நேரம் காத்திருந்தார். அது வெளியே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு பழைய லாங்லீஃப் காட்டுக்குக் கூட்டிப்போனேன். சில மரங்களுக்கு முந்நூறு வயதுக்கு மேல். சிவப்புக் கொண்டை மரங்கொத்தியைக் காட்டினேன். உயிருள்ள பைனில்தான் பொந்து குடையும். ஒரு பொந்து முடிக்க வருடக்கணக்கில் ஆகும். சுற்றிலும் பட்டையைக் கொத்திப் பிசின் வடியவிடும். மரமேறும் பாம்புக்கு அது வேலி. வயதான மரம்தான் வேண்டும் என்பதால் காட்டோடு அதுவும் போயிற்று. 1970-ல் அழிந்துவரும் பறவை என்று பட்டியலில் சேர்த்தார்கள். 2024-ல்தான் ஒரு படி இறக்கி, அபாயம் உள்ளது என்று மாற்றினார்கள். அரை நூற்றாண்டு வேலை. அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "உன் கன்னு இந்த அளவு வர எவ்வளவு நாளாகும்?" என்றார். "அதுக்குப் பொந்து குடையறதுக்கா? நூறு வருஷம் பக்கம்" என்றேன். அவர் தலையாட்டினார். அரசு வேலையில் இருந்தவருக்கு அந்தக் கணக்கு பெரிதாகப் படவில்லை போல.

ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டார்.

2025 பிப்ரவரியில் இரண்டாவது தீ. நிலத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் வைத்தோம். மறுபாதி கூடு கட்ட இருக்கட்டும் என்று. பக்கத்து நிலத்துக்காரர் சொன்னபடி டிராக்டரோடு வந்தார். தன் பைன்களையும் அடுத்த வருடம் கலைக்கப்போவதாகச் சொல்கிறார். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். நான் பட்டமரங்களை முந்தின வாரமே தள்ளிவிட்டேன். நாள் முழுக்கத் தீக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

மே மாதம் ஒரு காலையில் வேலியோரம் அந்த இரண்டு சுரம் கேட்டது. ஒரே ஒரு ஆண். என் நிலத்திலா, அவருடையதிலா என்று சொல்ல முடியாது. கிழக்கே பெரிய தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்றார் பர்ன் பாஸ். ஜோடி கிடைக்காவிட்டால் போய்விடும் என்றும் சொன்னார். ஜூன் பாதிவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பதில் வந்ததாக எனக்குக் கேட்கவில்லை. கன்றுகளில் பாதிக்கு மேல் இப்போது என் இடுப்புயரம்.

போனில் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்பினேன். அன்று இரவு கூப்பிட்டார். காது சரியாகக் கேட்பதில்லை, இரண்டு முறை போட்டுக் கேட்டாராம்.

"ஒத்தையா இருக்கு" என்றார்.

"ஆமாப்பா."

"அடுத்த தீ எப்ப?"

"மறு பாதிக்கு வர்ற பிப்ரவரி."

"காத்தப் பாத்து வை" என்றார். "நவம்பர்ல டிக்கெட் போட முடியுமான்னு பாரு."